டிராக் சர்க்யூட் அடிக்கடி விழுகிறது: குற்றவாளி மின்சார எஞ்சினா?

கேள்வி: எங்கள் பிரிவில் மின்மயமாக்கல் முடிந்த பிறகு ஒரு டிராக் சர்க்யூட் (தண்டவாளத்தில் வண்டி நிற்கிறதா என்று மின்சாரத்தால் கண்டறியும் அமைப்பு) அடிக்கடி விழுகிறது. தண்டவாளத்தில் வண்டியே இருக்காது, ஆனாலும் சிக்னல் சிவப்பாகிவிடுகிறது. பெரும்பாலும் சரக்கு வண்டி கிளம்பும் நேரத்தில்தான் இப்படி. எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது? (சிக்னல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்)

எஞ்சினைக் கடைசியில் சந்தேகியுங்கள். முதலில் மின்சாரம் திரும்பிப் போகும் வழியைப் பாருங்கள்.

மேலே 25,000 வோல்ட் கம்பியிலிருந்து எஞ்சின் எடுக்கும் மின்சாரம் துணைமின் நிலையத்துக்குத் திரும்பத் தண்டவாளத்தையும் பயன்படுத்துகிறது. உங்கள் டி.சி. டிராக் சர்க்யூட்டுக்கும் அதே தண்டவாளம்தான் ஒரு கால். இன்னொரு தண்டவாளத்தை பிளாக் ஜாயின்ட் (மின்சாரம் கடக்காத இணைப்பு) போட்டுப் பிரித்து சிக்னலுக்கென்றே வைத்திருக்கிறோம். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் இடத்தில் சில வோல்ட்டை நம்பி ரிலே நிற்கிறது: மின்சாரம் வந்தால் அது எழும், வண்டிச் சக்கரம் குறுக்கே வந்து மின்சாரம் எட்டாவிட்டால் விழும், சிக்னல் சிவப்பாகும். சரக்கு வண்டி இழுத்துக் கிளம்பும்போது, திரும்பும் தண்டவாளத்தின் நீளத்தில் ஏற்படும் ஏ.சி. மின்னழுத்தம் ரிலேவின் இரு முனைகளுக்கும் வந்து சேரக்கூடும். சர்க்யூட் நீளமானால் அந்த அழுத்தமும் கூடும். மின்மயப் பகுதியில் நீளத்துக்கு வரம்பு வைத்திருப்பதும், 50 ஹெர்ட்ஸுக்கு அசையாத ரிலே போடுவதும், பேட்டரி இணையும் ஃபீட் முனையில் சோக் (ஏ.சி.யைத் தடுக்கும் கம்பிச்சுருள்) வைப்பதும் இதனால்தான்.

மீட்டரை ரிலே முனையில் வைத்து, சரக்கு வண்டி கிளம்பும் நேரத்தில் டி.சி., ஏ.சி. இரண்டையும் பாருங்கள். ஏ.சி. எகிறினால் திரும்பும் வழியில் எங்கோ பாண்ட் (மின்சாரத்துக்கான இணைப்புக் கம்பி) தளர்ந்திருக்கலாம், அல்லது மின்கம்பத்தின் பாண்ட் தவறிப்போய் சிக்னல் தண்டவாளத்தில் இணைக்கப்பட்டிருக்கலாம். புதிதாக மின்மயமான இடத்தில் இரண்டாவதை முதலில் தேடுவேன். சோக்கையும் விட்டுவிடாதீர்கள். ஏ.சி. அப்படியே இருந்து டி.சி. மட்டும் சரிந்தால் பிளாக் ஜாயின்ட், பேட்டரி, ஜல்லி என்று போங்கள். மழை நாளில் சேறு படிந்த ஜல்லி வழியாகவே மின்சாரம் கசிந்துவிடும்.

ஒன்றை மறக்கவே வேண்டாம்: பாண்டை நீங்களாகக் கழற்றாதீர்கள். வண்டி ஓடும்போது அது அறுந்தால் இரு முனைகளுக்கும் இடையே உயிரை எடுக்கும் மின்னழுத்தம் நிற்கும். மேல்கம்பி மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் டி.ஆர்.டி. பிரிவு ஆட்களை அழைத்துத்தான் செய்ய வேண்டும்.

எஞ்சினுக்கும் பங்கில்லாமல் இல்லை. நியூட்ரல் செக்‌ஷன் (மேல்கம்பியில் மின்சாரம் இல்லாத சிறு பகுதி) தாண்டி பிரேக்கரைப் (எஞ்சினின் மெயின் சுவிட்ச்) போடும்போது அதன் டிரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் முதல் மின்னோட்டத்தில் கொஞ்ச நேரம் டி.சி. கலந்திருக்கும். ஏ.சி.க்கு அசையாத ரிலேயும் அதற்கு அசையக்கூடும். உங்கள் இடம் அந்த நியூட்ரல் பகுதிக்குப் பக்கமா என்று பாருங்கள். மூன்று ஃபேஸ் எஞ்சின்களின் இன்வர்ட்டர் எழுப்பும் ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸுக்கு மேலான கூடுதல் அதிர்வெண்கள்), டி.சி.க்குப் பதில் ஆடியோ அதிர்வெண்ணை அனுப்பும் டிராக் சர்க்யூட்டுகளுக்குத்தான் பெரிய தலைவலி. அந்த சர்க்யூட்டுகள் ஒரே அதிர்வெண்ணை விடாமல் அனுப்பாமல், அருகருகே உள்ள இரண்டை மாற்றி மாற்றி அனுப்புவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

ரிலே விழுந்து சிவப்பு வருவது தொல்லை, ஆனால் பாதுகாப்பான தொல்லை. வண்டி நிற்கும்போதே ரிலே எழுந்துவிட்டால் அது வேறு கதை. பழுதைச் சரிசெய்த பிறகு தண்டவாளங்களுக்கு குறுக்கே 0.5 ஓம் மின்தடை வைத்து ரிலே கீழே விழுகிறதா என்று சோதித்துவிட்டு வாருங்கள். ஒரே ஒரு முறை விழாமல் நின்றாலும் அந்த சர்க்யூட்டை நம்பி சிக்னலை எடுக்க (வண்டிக்கு வழி கொடுக்க) விடாமல், உடனே மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள்.