முத்தமும் கன்னத்தில் விழும் அறையும்

கேள்வி: அமெரிக்காவில் வீட்டில் படம் பார்க்கும்போது முத்தம், கெட்ட வார்த்தை, ரத்தம் எல்லாம் தானாகவே விலகிப்போகிற மாதிரி ஒரு வசதி இருக்கிறதாமே? பேரன் பேத்தியோடு உட்கார்ந்து படம் பார்க்கிற எங்களுக்கு இங்கேயும் அது வந்தால் எவ்வளவு நிம்மதி! (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: இருக்கிறது அம்மா, சட்டப்படியே இருக்கிறது. உங்கள் பட்டியலில் முதலில் நிற்கும் முத்தத்துக்கு அப்புறம் வருகிறேன்.

இது யூட்டா மாநிலத்தில் தொடங்கிய கதை. 1998-ல் ‘டைட்டானிக்’ வீடியோ கேசட் வந்தபோது, அங்கே ஒரு வீடியோ கடையில் 5 டாலர் கொடுத்தால் உங்கள் கேசட்டிலிருந்து நிர்வாணக் காட்சியை வெட்டிக் கொடுத்தார்கள். பிறகு கிளீன்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் வெட்டிய பிரதிகளையே வாடகைக்கு விட ஆரம்பித்தன. ஸ்பீல்பெர்க், ஸ்கோர்செசி, சோடர்பெர்க் போன்ற ஹாலிவுட் இயக்குநர்கள் எல்லாம் கொதித்தார்கள், வழக்கு நடந்தது. அப்படிப் பிரதி எடுத்து விற்பது பதிப்புரிமை மீறல் என்று 2006-ல் டென்வர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. முறையாக வாங்கிய படத்தை வீட்டில் ஓட்டும்போது, அந்த வீட்டார் விருப்பப்படி சில காட்சிகளைத் தாண்டலாம், வசனத்தை ஊமையாக்கலாம். வெட்டிய புதுப் பிரதி மட்டும் உருவாக்கக் கூடாது. கிளியர்பிளே என்ற நிறுவனத்தின் வசதி இப்படித்தான் இயங்குகிறது. படத்தில் கை வைப்பதில்லை. எந்த நொடியில் தாண்ட வேண்டும், எந்த நொடியில் ஒலியை நிறுத்த வேண்டும் என்ற குறிப்பு தனியாக வரும். எதை நீக்குவது, எதை விடுவது என்பது வீட்டாரின் கையில். இதற்கு மாறாக, வித்ஏஞ்சல் என்ற நிறுவனம் டிஸ்க்கின் பூட்டை உடைத்துப் படத்தை இணையத்தில் ஓட்டியது. 2019-ல் ஜூரி அதற்கு 6 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது.

இந்த விஷயத்தில் நான் குடும்பங்களின் பக்கம். காசு கொடுத்து வாங்கிய படத்தை என் வீட்டில் எப்படிப் பார்க்கிறேன் என்பதில் இயக்குநருக்கு என்ன வேலை? விமானத்துக்கும் டிவிக்கும் வெட்டிய பிரதியை ஸ்டுடியோக்களே காலங்காலமாக விற்கின்றன. அதே பிரதிகளை வீட்டுக்கும் தருகிறோம் என்று 2017-ல் சோனி சொன்னதும் இயக்குநர்கள் சண்டைக்கு வந்தார்கள், சோனி பின்வாங்கியது. விமானப் பயணிக்குத் தரலாம், உங்கள் பேத்திக்குத் தரக் கூடாது என்பது என்ன நியாயம்?

சரி, முத்தத்துக்கு வருவோம். நீங்கள் முத்தத்தை எழுதியிருக்கிறீர்கள்; அறையை எழுதவில்லை. நம் படங்களில் நாயகன் நாயகியின் கன்னத்தில் ஓங்கி அறைவான். அடுத்த பாட்டில் அவள் அவனைக் காதலிப்பாள். வேண்டாம் என்று சொன்ன பெண்ணைக் கல்லூரி வாசல், பேருந்து, அவள் வீட்டுத் தெரு என்று விடாமல் துரத்துவான், தியேட்டர் கைதட்டும். குண்டாக, கறுப்பாக இருப்பவரைக் காட்டிச் சிரிக்க வைப்பார்கள். இதற்கெல்லாம் எந்த வடிகட்டியில் பொத்தான் வைக்க முடியும்? ஒரு நொடிக் காட்சியைத் தாண்டலாம். இரண்டரை மணி நேரமும் கதையே அதுவாக இருந்தால் எதைத் தாண்டுவது? இருபது வயதுக்காரர்கள் இருவர் மனமொத்துக் கொடுத்துக்கொள்ளும் முத்தத்தை உங்கள் பேரன் பார்ப்பதில் எனக்குக் கவலையே இல்லை. துரத்தினால் பெண் கிடைப்பாள் என்று அவன் படித்துக்கொள்வதில்தான் கவலை.

2023-ல் நம் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி யு/ஏ 7+, 13+, 16+ என்று வயதுவாரியாகப் பிரித்தார்கள். நல்ல மாற்றம். ஆனால் ராத்திரிக் காட்சிக்கு மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெட்டுக்குத்துப் படத்துக்கு வருகிறார்களே, அவர்களை எந்த எண் தடுக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளி ஆண்டு விழாக்களுக்குப் போய்ப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பெண் குழந்தைகளுக்கு உதட்டுச்சாயம் பூசி, குத்துப்பாட்டுக்கு இடுப்பை ஆட்டக் கற்றுக்கொடுத்து மேடையேற்றுகிறார்கள். பெற்றோர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் பேத்தியின் பள்ளியில் இந்த வருடம் பாட்டைத் தேர்ந்தெடுப்பது யார் என்று கேளுங்கள். பாட்டு சரியில்லை என்றால் தலைமை ஆசிரியரைப் பார்த்து நேரிலேயே சொல்லுங்கள்.