போர் வேண்டாம் என்பவர் எதை நிரூபிக்க வேண்டும்?

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் மாதிரி நாடாளுமன்றம் நடத்துகிறோம். பேரழிவு ஆயுதங்கள் வைத்திருப்பதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஈராக் மீது படையெடுப்பது பற்றி 2003 மார்ச் 18 அன்று பிரிட்டனின் நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபையில் நடந்த விவாதத்தை எடுத்திருக்கிறோம். எதிர்த்துப் பேச மாணவர்கள் தயங்குகிறார்கள். 'ராணுவத்துக்கு எதிராகப் பேசுவதாகச் சொல்லிவிடுவார்கள்' என்கிறார்கள். முன்வந்த இருவரோ, 'ஆயுதமே இல்லை என்று பிறகு தெரிந்துவிட்டதே, அதைச் சொன்னால் போதாதா?' என்று கேட்கிறார்கள். இவர்களை எப்படித் தயார் செய்வது?

பதில்: அந்த இருவரிடமிருந்தே தொடங்குவோம். தயக்கத்தைவிட அவர்களுடைய நம்பிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது. 'பிறகு தெரிந்தது' என்பதை அவைக்குள் அனுமதித்தால் விவாதம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதைவிடப் பெரிய அநியாயமும் நடக்கும். அன்று எதிர்த்தவர்கள் ஏதோ அதிர்ஷ்டத்தால் சரியாகிப் போனார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி நடக்கவில்லை. அவர்களுக்கு ஆதாரம் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி அது பொதுவெளியில் கிடந்தது.

ஆகவே கரும்பலகையில் ஒரே ஒரு விதியை எழுதிவிடுங்கள்: '2003 மார்ச் 18 இரவு பத்து மணிக்குள் பொதுமக்கள் படித்திருக்கக்கூடியது மட்டுமே செல்லும்.' இரண்டு தரப்புக்கும் இதுதான் சட்டம். ஈராக்கில் பேரழிவு ஆயுதக் கையிருப்பு இல்லை என்று 2004இல் வந்த ஆய்வுக் குழு அறிக்கை செல்லாது. ஈராக் போரில் பிரிட்டன் இறங்கியது பற்றி 2016 ஜூலையில் வெளியான சில்காட் விசாரணை அறிக்கையும் செல்லாது. இவற்றை எடுத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று மாணவர்கள் பதறுவார்கள். பதறட்டும். அதன்பிறகுதான் தேட ஆரம்பிப்பார்கள்.

அவர்கள் முதலில் போய்ச் சேர வேண்டிய நாள் 2003 மார்ச் 7. அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இருவர் பேசினார்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பராதேய், மூன்று மாதச் சோதனைக்குப் பிறகும் ஈராக் அணு ஆயுதத் திட்டத்தை மீண்டும் தொடங்கியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றார். நைஜர் நாட்டிலிருந்து யுரேனியம் வாங்க ஈராக் முயன்றதாகக் காட்டப்பட்ட கடிதங்கள் உண்மையானவை அல்ல என்றும் அறிவித்தார். ஐ.நா. ஆயுதச் சோதனைக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், தடை செய்யப்பட்ட அல் சமூத் ஏவுகணைகளில் 34 அழிக்கப்பட்டுவிட்டன என்று கணக்குச் சொன்னார். மீதி வேலைக்கு ஆண்டுகள் தேவையில்லை, வாரங்களும் போதாது, மாதங்கள் வேண்டும் என்றார். பதினொரு நாட்கள் கழித்து காமன்ஸ் சபை கூடியபோது இவை யாவும் உலகமே கேட்ட செய்திகள். சோதனை நடந்துகொண்டிருக்கிறது, பலன் தருகிறது, நடத்துபவரே இன்னும் சில மாதங்கள் கேட்கிறார், பிறகு ஏன் இந்த வாரமே? உங்கள் மாணவர்களின் முதன்மைக் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது பிரிட்டிஷ் அரசின் சொந்த ஆவணங்கள். 2002 செப்டம்பரில் வந்த ஆவணம், உத்தரவு கிடைத்த 45 நிமிடங்களில் சில ஆயுதங்களை ஏவத் தயாராக்க முடியும் என்றது. எந்த ஆயுதம், எவ்வளவு தூரம் பாயும் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. 2003 பிப்ரவரியில் இன்னோர் ஆவணம் வந்தது. அதன் பெரும்பகுதி ஓர் ஆராய்ச்சி மாணவரின் கட்டுரையிலிருந்து, அவர் பெயரைக்கூடச் சொல்லாமல், எழுத்துப்பிழைகள் உட்பட அப்படியே எடுக்கப்பட்டது என்பது சில நாட்களிலேயே அம்பலமானது. ஒரு நாட்டைப் போருக்கு அழைத்துச் செல்லும் தாளை இப்படியா தயாரிப்பது என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது. உங்கள் மாணவர்களுக்கும் வரட்டும். ஆனால் அவையில் தேதியும் பக்கமும் பேசட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'எல்லாம் எண்ணெய்க்காக' என்ற வசனத்தில் யாராவது கட்டாயம் போய் விழுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றவரின் உள்நோக்கத்தை அவையில் நிரூபிக்க முடியாது. ஆதாரத்தின் ஓட்டையைக் காட்ட முடியும். ஈராக் அதிபர் சதாம் உசேனுக்கு நற்சான்று தரும் வேலையும் கூடாது. எதிர்ப்பவர் அவரை நல்லவர் என்று நிறுவ வேண்டியதில்லை, ஆயுதம் இல்லை என்றும் நிறுவ வேண்டியதில்லை. போரைக் கேட்பவர்தான் 'வேறு வழியில்லை' என்று நிறுவ வேண்டும். அரசின் போர்த் தீர்மானத்துக்கு, அன்று போரை எதிர்த்த உறுப்பினர்கள் கொண்டுவந்த திருத்தத் தீர்மானம் இதைத்தான் செய்தது. போருக்கான நியாயம் 'இன்னும் நிறுவப்படவில்லை' என்று மட்டுமே அது சொன்னது. அந்த 'இன்னும்' என்ற சொல்லை மாணவர்கள் கைவிடக்கூடாது.

ராணுவத்துக்கு எதிரி என்ற பயத்துக்கும் மருந்து அதே திருத்தத்தில் இருக்கிறது. போர் தொடங்கிவிட்டால் நம் படைகளுக்கு முழு ஆதரவு, அவர்களுடைய துணிவைப் போற்றுகிறோம் என்று அதன் பிற்பகுதியில் எழுதியிருந்தார்கள். அதை முன்மொழிந்த பீட்டர் கில்ஃபாயில், பாதுகாப்புத் துறையில் துணையமைச்சராக இருந்தவர். முந்தைய நாள் மாலை அமைச்சரவையிலிருந்து விலகிய ராபின் குக், அதற்கு முன் நான்கு ஆண்டுகள் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். போரை ஆதரிப்பவர்கள் மட்டுமே வீரர்களை ஆதரிக்கிறார்கள் என்பது பொய் என்று அவர் தன் விலகல் உரையில் நேராகவே சொன்னார். அந்த அவையில் கைதட்டுவது மரபில்லை; அன்று பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தயங்கும் மாணவர்களுக்கு வேறு எதையும் கொடுக்க வேண்டாம். அந்த உரையைத் தமிழாக்கி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், குரல் தானாக வரும்.

அரசுத் தரப்பைப் பலவீனமாக விட்டுவிடாதீர்கள். அவர்களிடமும் கனமான வாதங்கள் இருந்தன. 1988இல் ஈராக்கின் ஹலப்ஜா நகரில் குர்து மக்கள் மீது சதாமின் படை நச்சு வாயு வீசியது. 2002 நவம்பரில் பாதுகாப்புச் சபையின் பதினைந்து உறுப்பினர்களும் ஒருமனதாக நிறைவேற்றிய 1441ஆம் தீர்மானம் ஈராக்குக்கு 'இறுதி வாய்ப்பு' என்றது. ஆயுதமாகப் பயன்படக்கூடிய ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமியின் பழைய இருப்புக்கு ஈராக்கிடமிருந்து கணக்கு வரவில்லை. ஆன் க்ளூய்ட் போன்ற, ஆளும் தொழிற்கட்சியின் உறுப்பினர்கள் ஈராக்கியரின் மனித உரிமைக்காகவே போரை ஆதரித்தார்கள். பிரதமர் டோனி பிளேர் தன் உரையை எப்படித் தொடங்கினார் என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பவர்களை மதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டே வழிகளை முன்வைத்தார்: படைகளைத் திரும்ப அழைப்பதா, உறுதியாக நிற்பதா? வீரர்கள் ஏற்கெனவே வளைகுடாவில் குவிந்திருந்தார்கள். படையை முதலில் அனுப்பிவிட்டு அனுமதியைப் பிறகு கேட்டால், 'வேண்டாம்' என்ற சொல் 'திரும்பி ஓடு' என்றே காதில் விழும். இந்தப் பொறியை எதிர்த்தரப்பு முதல் நிமிடத்திலேயே பெயர் சொல்லிக் காட்ட வேண்டும்.

சட்டம் பற்றி ஒரு குறிப்பு. போர் சட்டப்படி செல்லும் என்று அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரல் மார்ச் 17 அன்று சுருக்கமான பதில் தந்தார். பத்து நாட்களுக்கு முன் அவர் பிரதமருக்கு எழுதிய நீண்ட ஆலோசனையில் இருந்த சந்தேகங்கள் 2005இல்தான் மக்களுக்குத் தெரிந்தன. உங்கள் விதிப்படி அதை மாணவர்கள் எடுத்துக்காட்ட முடியாது. ஆனால், 'முழு ஆலோசனையையும் அவையில் வையுங்கள்' என்று கேட்கலாம். அன்றைய உறுப்பினருக்கும் அந்த உரிமை இருந்தது.

வாக்கெடுப்பைக் கையுயர்த்தி முடித்துவிடாதீர்கள். அந்த அவையில் உறுப்பினர்கள் எழுந்து நடந்து, ஆதரவுக்கு ஒரு கூடம், எதிர்ப்புக்கு ஒரு கூடம் என்று பிரிந்து போவார்கள். முதலில் திருத்தம், பிறகு மூலத் தீர்மானம். திருத்தம் 217க்கு 396 என்று தோற்றது. அரசின் தீர்மானம் 412க்கு 149 என்று வென்றது. திருத்தத்தை ஆதரித்தவர்களில் 139 பேர் ஆளுங்கட்சிக்காரர்கள். சொந்தக் கட்சிக் கொறடாவின் கண்முன்னே அவர்கள் நடந்தார்கள். நம் நாட்டில் 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறுபவர் பதவியையே இழக்க நேரிடும். பிரிட்டனில் அப்படி இல்லை. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் 139 என்ற எண் மாணவர்களுக்குப் புரியாது.

வகுப்பறையின் இரண்டு வாசல்களையும் திறந்து வையுங்கள். 'ஆம்' என்பவர்கள் வலப்பக்கம், 'இல்லை' என்பவர்கள் இடப்பக்கம். ஆளுங்கட்சி வரிசையில் இருபது பேர் இருந்தால், அவர்களில் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் முதல்நாள் தனியாக ஒரு சீட்டுக் கொடுங்கள்: 'நீ விரும்பும் வாசல் வழியாகப் போகலாம்.' மற்றவர்களுக்கு அது தெரிய வேண்டாம்.