பச்சைப் பூச்சை நம்பாதீர்கள்: மின் இடைவெளி பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் பம்பியை நிறுத்தும் மின்சுற்றுப் பலகை ஒன்று வரைகிறேன். வளி ஒரு மில்லிமீற்றருக்கு 3000 வோல்ற்று தாங்கும் என்று படித்தேன். அப்படியென்றால் 230 வோல்ற்றுக்குச் செப்புத் தடங்களுக்கு நடுவே அரை மில்லிமீற்றர் இடைவெளி தாராளம் அல்லவா?

கணக்குச் சரி தம்பி, அதைப் போட்ட இடம்தான் பிழை. அது வழவழப்பான இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ள சுத்தமான வளிக்கு உரியது. பலகையில் ஆபத்து மேற்பரப்பால் ஊர்ந்து வரும். போன மாரியில் அரிசி ஆலைப் பலகை ஒன்று என் மேசைக்கு வந்தது. இரண்டு செப்புத் தடங்களுக்கு நடுவே உமித்தூசி படிந்து, ஈரம் குடித்து, மரவேர்போலக் கறுப்புக் கோடு கிளைவிட்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன், கரி. ஓரத்தில் கருகிய எறும்புகள் வேறு. இடைவெளி ஒன்றரை மில்லிமீற்றர்.

ஆகவே வளி வழியான நேர் தூரம், மேற்பரப்பு வழியான தூரம் இரண்டையும் அளக்க வேண்டும். 230 வோல்ற்றின் உச்சம் 325. அதற்கு மேல், செருகியில் மாட்டும் சாதனத்துக்கு 2500 வோல்ற்று வரை திடீர் எழுச்சி வரலாம் என்று மின் இடைவெளிக்கான சர்வதேசத் தரம் ஐ.ஈ.சி. 60664 எடுத்துக்கொள்கிறது. அதற்கு வளியில் 1.5 மி.மீ. வேண்டும், கை தொடும் பக்கத்தைப் பிரிக்கும் இடத்தில் 3. மேற்பரப்பிலோ, சாதாரண கண்ணாடி இழைப் பலகையில், சுத்தமான அறைக்கு 2.5, கை தொடும் பக்கத்துக்கு 5. தூசியும் ஈரமும் சேரும் இடத்தில் அவை 4, 8 ஆகின்றன. வன்னியில் பம்பிக் கொட்டிலுக்கு வரைந்தால், பிரிக்கும் கோட்டில் நான் 8-க்குக் கீழே இறங்க மாட்டேன்.

முல்லைத்தீவுத் தங்கை: செப்பின் மேல் இருக்கும் பச்சைப் பூச்சைக் காப்பாகக் கணக்கிடலாமா அண்ணா?

கூடாது. அதில் ஊசித்துளைகள் இருக்கும். கடற்காற்றுக்குத் தனிப் பூச்சு அடிக்கலாம். முதலில் ஈயப்பற்றுப் பசையை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

மாங்குளத்திலிருந்து: 8 மி.மீ. விட இடமே இல்லை. என்ன செய்வது?

நடுவே பள்ளம் வெட்டுங்கள், பலகையின் மறுபக்கம் வரை. மேற்பரப்பு வழி அதைச் சுற்றிப் போக வேண்டிவரும். தூசி இடத்தில் அகலம் 1.5 மி.மீ.க்குக் குறைந்தால் கணக்கில் வராது. பள்ளம் வளி இடைவெளியைக் கூட்டாது என்பதும் நினைவிருக்கட்டும். இரு பக்கத்துக்கும் நடுவே சைகையை ஒளியால் கடத்தும் நான்குகால் ஒளி இணைப்பியின் கால்வரிசைகள் 7.62 மி.மீ. தள்ளியிருந்தாலும், ஈயம் பிடிக்கும் செப்பு வட்டங்கள் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும், 10.16 மி.மீ. அகலக் கால் வகையைக் கேட்டு வாங்குங்கள். இவ்வளவும் செய்துவிட்டு, அதே இடைவெளிக்குள் இரும்புத் திருகாணியைப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்!

ஒட்டுசுட்டான் கமக்காரர் ஒருவர்: தம்பி, யானை வேலிக்கு வீட்டு மின்சாரத்தை இப்படியொரு பலகை வழியாகக் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம் ஐயா. வேலி இயந்திரம் பல ஆயிரம் வோல்ற்றைக் கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவாக, விட்டுவிட்டுத்தான் கொடுக்கும். வீட்டு மின்சாரம் இடைவிடாமல் பாயும். கம்பியைப் பிடித்த கை விடாது. யானைக்கு முன் மாடு சாகும், பிள்ளை சாகும். 12 வோல்ற்று பற்றரியில் ஓடும் வேலி இயந்திரத்தைக் கடையில் வாங்குங்கள். அதன் பெட்டியையும் திறக்காதீர்கள்.