வாசகர் கேள்வி: ஒரு ஹீட்டர் ஹோஸ் போனால் மற்றதையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஐயா, என் காருக்கு வயது 22. போன மாதம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஹீட்டர் ஹோஸ் (இன்ஜினுக்கும் ஹீட்டருக்கும் இடையே ஓடும் ரப்பர் குழாய்) ஒன்று வெடித்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் முழுக்கக் கொட்டிவிட்டது. அந்த ஒரு ஹோஸை மட்டும் மாற்றி, கூலன்ட் ஊற்றினோம். அதிலிருந்து ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. டெம்பரேச்சர் முள்ளும் ஏறி ஏறி இறங்குகிறது. மற்ற ஹோஸ்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றையும் மாற்ற வேண்டுமா?

பதில்: முள் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம், அதுதான் அவசரம். ஹீட்டரும் சூடாகாமல் முள்ளும் ஆடினால், பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, இல்லையென்றால் கூலன்ட் குறைவாக இருக்கிறது. இரண்டுமே இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைச் சூட்டில் கெடுத்துவிடும். சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் மட்டும் தொடவே கூடாது. முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். பல பழைய வண்டிகளில் ஹீட்டருக்குப் போகும் வழியில் ஒரு வால்வு உண்டு. அது மூடியிருந்தால் அங்கே இருக்கும் காற்று வெளியேறாது. கூலன்டை மெதுவாக ஊற்றி இன்ஜினை ஓடவிடுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால், குமிழி நின்று நீர் மட்டும் வரும்வரை தளர்த்தி வைத்து, பிறகு இறுக்குங்கள். இன்ஜின் சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். பெரும்பாலான தெர்மோஸ்டாட்கள் 80 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் மட்டம் சட்டென்று இறங்கும், குறைந்ததை ஊற்றி மூடுங்கள்.

அப்புறம் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் ஓட்டம் சரி. ஒன்று சூடு, இன்னொன்று குளிர்ச்சி என்றால் வால்வு திறக்கவில்லை, அல்லது ஹீட்டர் கோர் (டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்) அடைத்திருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், எல்லாவற்றையும் மாற்றுங்கள். 'பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன' என்று எழுதியிருக்கிறீர்களே, என் கவலையே அங்கேதான். இந்த ரப்பர் உள்ளிருந்து கெடுகிறது. கூலன்டும் இன்ஜினின் உலோகங்களும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்து, ஹோஸின் உள்சுவரில் நீளவாக்கில் மெல்லிய பிளவுகளை உண்டாக்குகின்றன. பிளவு அதிகமாக வருவது கிளிப்புக்குப் பக்கத்தில்தான். வெளித்தோல் கறுப்பாக, வழவழப்பாகவே இருக்கும். ஆறிய வண்டியில் ஹோஸின் நடுப்பகுதியை விரலால் அமுக்குங்கள். பிறகு கிளிப்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் அமுக்குங்கள். நுனிப்பக்கம் நடுவை விட மெத்தென்று அமுங்கினாலோ, உள்ளே பள்ளம் போலத் தட்டுப்பட்டாலோ அது போய்விட்டது. என் பட்டறைக்கு வந்த ஒரு ஹோஸை வாடிக்கையாளர் முன்பே நீளமாக அறுத்துக் காட்டினேன். வெளியே ஒரு கீறல் இல்லை; உள்ளே நகம் நுழையும் அளவுக்குப் பிளவு.

கழற்றும்போது இழுக்காதீர்கள், திருகாதீர்கள். தொழில் கற்ற புதிதில் ஒரு பழைய ஹோஸைப் பிடித்து இழுத்தேன். ஹீட்டர் கோரின் பித்தளைக் குழாய் அடியில் விண்டுவிட்டது. டாஷ்போர்டு முழுவதையும் கழற்றி கோரை மாற்றினோம், இரண்டு நாள் வேலை. அன்றிலிருந்து பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி, தோல் உரிப்பது போல உரித்துத்தான் எடுக்கிறேன். அடியில் இருக்கும் குழாயில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதியதை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். உள்விட்டம் பொதுவாக 16 மில்லிமீட்டர் அல்லது 19 மில்லிமீட்டர். ஒரே வண்டியில் போகும் ஹோஸ் ஒரு அளவும் திரும்பும் ஹோஸ் வேறு அளவும் இருப்பதுண்டு. பழையதை எறியும் முன் உள்ளே பாருங்கள். சில வண்டிகளில் ஓட்டத்தைக் குறைக்க ஒரு சின்ன வளையம் செருகியிருப்பார்கள். மாட்டும்போது வழுக்குவதற்கு கிரீஸோ ஆயிலோ தடவாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். துளி கூலன்ட் போதும்.

தெர்மோஸ்டாட்டையும் அதன் பேக்கிங்கையும் கூடவே மாற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட்டின் தட்டில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று அந்த வழியாகத்தான் போகும். ரேடியேட்டர் மூடியும் அதே அழுத்த அளவில் புதிதாக இருக்கட்டும். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் ஈரமோ காய்ந்த கறையோ தெரிந்தால் பம்பும் போகிறது என்று அர்த்தம்.

கேள்வி: நான் ஹீட்டர் போடுவதே இல்லை. இரண்டு குழாயையும் அடைத்துவிட்டால் என்ன?

பதில்: வேண்டாம். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது கூலன்ட் சுற்றிவரும் வழியே ஹீட்டர் பக்கம்தான். அதை அடைத்தால் இன்ஜினுக்குள் ஓட்டம் நின்று, ஒரு இடம் மட்டும் கொதிக்கும். கோர் ஒழுகி, உடனே மாற்ற வழியில்லை என்றால், இன்ஜினிலிருந்து வரும் இரண்டு முனைகளையும் ஒரே ஹோஸால் வளைத்து இணைத்துக்கொள்ளுங்கள், ஓட்டம் தொடரும். அப்படியே விட்டுவிடாமல் கோரை மாற்றுங்கள். நெரிசலில் முள் மேலே ஏறும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பினால் இன்ஜினின் சூடு கொஞ்சம் அந்த வழியாகவும் இறங்கும். வண்டியை ஓரம் கட்டும்வரை அது தாங்கிக்கொடுக்கும்.