கேள்வி–பதில்: மொத்தம் 60 வாங்கியும் அரியர் ஏன்?

இன்டர்னலில் 40க்கு 34 எடுத்தேன். செமஸ்டர் தேர்வில் 100க்கு 43. அதை 60க்கு மாற்றி இன்டர்னலோடு கூட்டினால் கிட்டத்தட்ட 60 வருகிறது. பாஸுக்கு 50 போதும் என்கிறார்கள், ஆனால் எனக்கு 'யு' கிரேடு (தேறவில்லை, அதாவது அரியர்) வந்திருக்கிறது. ஏன்?
– முதலாண்டு மாணவர், விருதுநகர்

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021 ஒழுங்குமுறைப்படி தியரி பாடத்தில் இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். மொத்தத்தில் 50 வேண்டும். செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதமும் வேண்டும். உங்கள் 43ஐ 60க்கு மாற்றினால் 25.8. தேவை 27. இன்டர்னல் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இந்தப் பள்ளத்தை நிரப்பாது.

100க்கு 45 வேண்டிய இடத்தில் இரண்டே மதிப்பெண் குறைவு என்பதால் விடைத்தாள் நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள். நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். கூட்டல் சரியா, ஏதாவது ஒரு உட்பிரிவு திருத்தாமல் விடுபட்டிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். பிறகு அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, மதிப்பெண் கூடும் என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

மறுபடி எழுத நேர்ந்தால் வினாத்தாள் கணக்கை மனதில் வையுங்கள். ஒவ்வொரு யூனிட்டிலும் இரண்டு 2 மார்க், ஒரு 13 மார்க்: ஆக 17. மூன்று யூனிட் மட்டும் படித்தால் 51தான். நாலு இடத்தில் சறுக்கினால் 45க்குக் கீழே போய்விடும். நான்கு யூனிட் என்றால் 68. அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தாலே கரை சேரலாம். 15 மார்க் வினாவை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், அது எந்த யூனிட்டிலிருந்தும் வரலாம்.

மகளுக்குக் கணிதத்தில் ஒரு அரியர் இருக்கிறது. ஆனாலும் ஜிபிஏ 8.5 என்று காட்டுகிறதே?
– ஒரு தாய், தஞ்சாவூர்

தேறாத பாடம் ஜிபிஏ (ஒரு செமஸ்டரின் சராசரி கிரேடு புள்ளி) கணக்கில் சேராது. அதனால் அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். தேறிய பாடங்களுக்கு 18 கிரெடிட் (பாடத்தின் எடை) என்று வைத்துக்கொள்வோம்: 18 × 8.5 = 153. விட்டுப்போன 4 கிரெடிட் கணிதத்தைப் பிறகு 'சி' கிரேடில், அதாவது 5 புள்ளியில் முடித்தால் 20 கூடும். 173ஐ 22ஆல் வகுத்தால் 7.86. எல்லாப் பாடத்தையும் முதல் முறையிலேயே முடித்தவர்களுக்குத்தான் 'டிஸ்டிங்ஷன்' என்பதால், அந்த வாய்ப்பு இப்போதே போய்விட்டது. 4 கிரெடிட் பாடம் சிஜிபிஏவை (எல்லா செமஸ்டருக்குமான சராசரியை) இழுக்கும் அளவுக்கு 1 கிரெடிட் 'தமிழர் மரபு' பாடம் இழுக்காது. ஆனால் பட்டம் கையில் வர இரண்டுமே தேறியாக வேண்டும்.

டெங்குவால் வருகை 71 சதவீதமாகிவிட்டது. தேர்வு எழுத முடியுமா?
– மூன்றாமாண்டு மாணவர், திருநெல்வேலி

75 தேவை. 65க்குக் குறையாமல் இருந்தால் மருத்துவக் காரணத்துக்கு விலக்கு கேட்கலாம். சான்றிதழைத் துறைத்தலைவர் வழியாக முதல்வருக்கு இப்போதே கொடுங்கள், ஹால் டிக்கெட் நேரம் வரை வைத்திருக்காதீர்கள். 65க்குக் கீழே போனால் அடுத்த கல்வியாண்டில் அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டியதுதான். நீங்கள் தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர் என்றால் விதி வேறாக இருக்கலாம். உங்கள் கல்லூரியின் ஒழுங்குமுறைப் புத்தகத்தைப் பாருங்கள்.