"அடுத்த அப்டேட்டில் வரும்" என்பதை நம்பிப் பணம் கட்டலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஷோரூமில் ஒரு எலக்ட்ரிக் கார் பார்த்தீர்கள், பிடித்திருக்கிறது. நெடுஞ்சாலையில் தானே லேன் மாறுவது, தானே பார்க்கிங் செய்வது எல்லாம் "இப்போது இல்லை, அப்டேட்டில் வந்துவிடும்" என்கிறார் விற்பனையாளர். அதற்குத் தனியாகப் பணமும் கேட்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். கார் பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் வராத வசதிக்கு இன்றைக்கே காசு கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், அதனால்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

நான் இருப்பது சுங்கை சிப்புட். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் தோட்டத்துப் பட்டணம். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. எனக்கு வேலை ஈப்போவில். பழைய சாலையில் செமோர் வழியாகப் போய்வர நாளுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். எலக்ட்ரிக் கார் அதற்கு அச்சாகப் பொருந்தும். 2023-இல் வாங்கினேன். அப்போது முழுதாக இறக்குமதியாகும் எலக்ட்ரிக் கார்களுக்கு இறக்குமதி வரி, கலால் வரி இரண்டும் கிடையாது, ரோட் டேக்ஸும் இல்லை. அந்தச் சலுகைகள் 2025 முடியும் வரை என்று சொல்லியிருந்ததால் எல்லாரும் அவசரப்பட்ட நேரம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். டெஸ்லா இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே டெஸ்லாவைப் பற்றியும் பேசப் போகிறேன்.

விற்றவர் நம் பையன்தான், நல்ல மாதிரி. "அண்ணே, கேமரா, ரேடார் எல்லாம் உள்ளயே இருக்கு. சாப்ட்வேர் மட்டும்தான் பாக்கி. மூனாவது குவார்ட்டர்ல கன்ஃபர்ம் வந்துரும்" என்று வாட்ஸாப்பில் எழுதினார். பேக்கேஜ் விலை 6,000 வெள்ளி. (ரிங்கிட் என்று எழுதுவோம், வாயில் வருவது எப்போதும் வெள்ளிதான்.) ஒன்பது வருடக் கடனில் அதையும் சேர்த்துப் போட்டாயிற்று, மாதத் தவணையில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. விற்பனைத் தந்திரமே அங்கேதான் இருக்கிறது என்று இப்போது புரிகிறது.

அப்பாவிடம் காடியைக் காட்டினேன். (காரை இங்கே காடி என்போம்.) வயசுக் காலம் முழுக்கத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இது தானே ஓடுமா என்றார். இப்போது ஓடாது, பிறகு ஓடும், அதற்கும் சேர்த்துப் பணம் கட்டியாயிற்று என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "வீட்டுடமைத் திட்டம் மாதிரியா?" என்றார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தோட்டத் தொழிலாளிகளுக்குச் சொந்த வீடு என்று தேர்தலுக்குத் தேர்தல் பேச்சு வரும், ஆட்கள் வந்து நிலத்தை அளப்பார்கள், பிறகு தோட்டம் கொடுத்த அதே லயத்து வரிசை வீட்டிலேயே இன்னொரு தீபாவளி வரும்.

அப்டேட்டுகள் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்துகொண்டேதான் இருந்தன. போர்ட்டிக்கோ வரைக்கும் வைபை எட்டாது, அதனால் ரூட்டரை ஜன்னலோரம் இழுத்து வைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்குக் காடிக்குள் உட்கார்ந்து அந்தச் சதவீத எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் கராவோக்கே வந்தது. அப்புறம் சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு வால்பேப்பர். மூன்றாவதாக வந்தது உண்மையிலேயே நல்லது: முன்னால் எதுவும் இல்லாதபோது திடீரென்று பிரேக் பிடிக்கும் கோளாறு பாதிக்குமேல் குறைந்தது. அதை நான் மறுக்க மாட்டேன், அப்டேட் என்பது வெறும் ஏமாற்று இல்லை. ஆனால் நான் காசு கட்டிய வசதி மட்டும் மெனுவில் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. தொட்டால், "உங்கள் பகுதியில் தற்போது இல்லை."

ஏன் இழுக்கிறது என்று தேடித் தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

காரின் பாட்டுப்பெட்டித் திரை ஒரு கம்ப்யூட்டர், ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் தொடும் உதவி அமைப்பு வேறொரு கம்ப்யூட்டர். முதலாவதற்கு அப்டேட் அனுப்புவது கைப்பேசிக்கு அனுப்புவது போலத்தான். இரண்டாவதில் கைவைத்தால் உயிர் விஷயம், அதனால் சட்டம் குறுக்கே வரும். ஸ்டீயரிங்குக்கு ஐ.நா.வின் 79-ஆம் எண் வாகன விதி இருக்கிறது, சாப்ட்வேர் அப்டேட்டுக்கு 156-ஆம் விதி, இப்படிப்பட்ட ஓட்டுநர் உதவி அமைப்புகளுக்கென்றே 171-ஆம் விதி 2024 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. இந்த விதிகளுக்கு அடிப்படையான ஐ.நா. வாகன ஒப்பந்தத்தில் மலேசியா 2006-லிருந்தே இருக்கிறது. ஆகவே சீனாவில் ஓடுகிற சாப்ட்வேரை அப்படியே இங்கே திறந்துவிட முடியாது. சீனாவிலேயே இப்போது இறுக்கிவிட்டார்கள். 2025 மார்ச்சில் ஷாவ்மி எஸ்யூ7 கார் உதவி அமைப்பில் ஓடிவந்து ஒரு நெடுஞ்சாலையில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே அரசாங்கம் கார் நிறுவனங்களைக் கூப்பிட்டு, விளம்பரத்தில் "தானியங்கி" என்ற மாதிரிச் சொற்களைப் போடக்கூடாது, வாடிக்கையாளரை வைத்து அப்டேட்டைச் சோதிக்கக்கூடாது என்று சொன்னது. அது நியாயம்தான். ஆனால் நமக்கு வாக்குக் கொடுத்தபோது இந்தச் சட்டமெல்லாம் விற்றவர்களுக்குத் தெரியாதா என்ன?

இன்னொன்று, உள்ளே இருக்கும் சிப்பு. "ஹார்டுவேர் இருக்கிறது, சாப்ட்வேர்தான் பாக்கி" என்ற வாக்கியத்தை உலகத்துக்குப் பழக்கியது டெஸ்லா. 2016 அக்டோபரில், இனி தயாராகும் எல்லாக் கார்களிலும் முழுதாகத் தானே ஓடுவதற்கான ஹார்டுவேர் இருக்கிறது என்று அறிவித்தார்கள். 2019-இல் மூன்றாம் தலைமுறைக் கம்ப்யூட்டர் வந்தது. கடைசியில் 2025 ஜனவரியில் ஈலோன் மஸ்க்கே, அந்த மூன்றாம் தலைமுறையும் போதாது, பணம் கட்டியவர்களுக்கு மாற்றித்தர வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டார். 2025 செப்டம்பரில், நம்மைப் போல வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அந்த வசதியைத் திறந்தபோதுகூட நான்காம் தலைமுறைக் கார்களுக்குத்தான் கொடுத்தார்கள். அதுவும் "மேற்பார்வையோடு" என்ற பெயரில். அதாவது கண் சாலையில் இருக்க வேண்டும், பொறுப்பு ஓட்டுபவர் தலையில்.

இதைவிடப் பெரிய விஷயம் நம் சாலை. பழைய சாலையில் லேன் கோடுகளை மேலே மேலே அடித்திருப்பார்கள். அழித்த கோடு மழையில் பளபளக்கும், புதுக் கோடு மங்கிப் போகும். என் காடி அழித்த கோட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை மெல்ல இடப்பக்கம் இழுக்கும். இடப்பக்கம் யார்? காப்ச்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில் காலையில் வேலைக்குப் போகிற ஆள், பின்னால் ரெயின்கோட் படபடக்க. நம் ஊரில் மோட்டார் எந்த லேனிலும் வரும், இரண்டு லேனுக்கு நடுவிலும் வரும், எதிரிலும் வரும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போது ஒரு குலை கீழே விழும். முள்ளும் பழமுமாகப் பதினைந்து இருபது கிலோ, நடுச் சாலையில். ஒருநாள் மாலை அப்படி ஒன்று கிடந்தது. நான் பார்த்துவிட்டேன், வளைத்துவிட்டேன். திரையில் சாலை சுத்தமாக இருந்தது. இரவில் தோட்டத்து மாடுகள் தார்ச்சாலைச் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும், அது தனிக் கதை.

மாமியார் வீடு தைப்பிங்கில். மழைக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நேராக ஈப்போ வந்தால் மெனோரா சுரங்கத்தைத் தாண்ட வேண்டும். மலைச் சரிவு, வளைவு, லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒருமுறை கொட்டும் மழையில் உதவி அமைப்பைப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். வளைவு ஆரம்பிக்கும் இடத்தில் மூன்று முறை பீப் அடித்தது, "முன் கேமரா மறைந்துள்ளது" என்று வந்தது, ஸ்டீயரிங் சட்டென்று என் கைக்கு வந்துவிட்டது. கை அதன்மேல்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் மனைவி, "இதுக்கா ஆறாயிரம்?" என்றாள். இல்லை, ஆறாயிரம் இன்னும் வராததற்கு என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

2024 கடைசியில் அதே காரின் புது மாடல் வந்தது. நான் காத்திருந்த வசதி அதில் இருந்தது. சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "அதுல சிப்பு வேற அண்ணே. உங்களுக்கு வருமான்னு மேல கேட்டுச் சொல்றேன்." இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

அதன் பிறகுதான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போனேன். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், உதவும். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த தீர்ப்பாயம் அது. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வைக்கத் தேவையில்லை, பொதுவாக வைக்கவும் கூடாது. பிரச்சினை எழுந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். "வரும் வரும்" என்று காத்திருப்பவர்கள் கோட்டை விடுவது இந்த மூன்று வருடத்தைத்தான். என் கேட்லாக்கில் பொடி எழுத்தில் "வசதிகள் உள்நாட்டு அனுமதிக்கு உட்பட்டவை" என்று இருந்தது. அதை மட்டும் வைத்துப் பேசியிருந்தால் என் கதை அவ்வளவுதான். ஆனால் "மூனாவது குவார்ட்டர்ல கன்ஃபர்ம்" என்ற வாட்ஸாப் இருந்தது, பேக்கேஜுக்குத் தனி ரசீதும் இருந்தது. விசாரணைத் தேதிக்கு முன்பே நிறுவனத்திலிருந்து போன் வந்தது. 5,000 வெள்ளிக்குப் பேசி முடித்தேன். முழுப்பணத்துக்கு நின்றிருக்கலாம் என்று மனைவி இன்னும் சொல்கிறாள்.

ஆகவே விற்பனையாளர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள், தேதியோடு. எழுத மாட்டேன் என்றால் அதுவே பதில். டெஸ்ட் டிரைவை ஷாப்பிங் மாலின் கார் பார்க்கில் முடித்துவிடாதீர்கள். நீங்கள் தினமும் போகிற சாலைக்கு, முடிந்தால் மழையில், கொண்டுபோங்கள். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, அவசர பிரேக், கண்மறைவில் மோட்டார் வந்தால் எச்சரிப்பது, இந்த மூன்றும் இன்றைக்கே ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஈப்போ நெரிசலில் என் காலைக் காப்பாற்றுவது அந்த முதல் வசதிதான், அது காடி வாங்கிய நாளிலிருந்து இருக்கிறது.

காடியை விற்கவில்லை. பெட்ரோல் செலவு மிச்சம், சத்தம் இல்லை, அப்பாவுக்கும் ஏறி இறங்கச் சுலபம். நேற்று இரவுகூட ஒரு அப்டேட் வந்தது. குறிப்பில் "சிறு திருத்தங்கள்" என்று மட்டும் போட்டிருந்தது. ரூட்டரை ஜன்னலுக்கு இழுத்து வைத்துப் போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் சிக்னல் போடும் டிக் டிக் சத்தம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிற மாதிரி இருந்தது.