சட்டம் கேளுங்கள்: சந்தாவை நிறுத்தினால் வீடு ஏலத்துக்குப் போகுமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிரிஸ்கோவில் தனிவீடு வாங்கி, வங்கிக் கடனையும் முழுவதுமாக அடைத்துவிட்டோம். எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கம் சென்ற கோடை முழுவதும் நீச்சல்குளத்தைப் பூட்டியே வைத்திருந்ததால், எதிர்ப்பைக் காட்ட இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. அனுமதி பெறாமல் வேலிக்குச் சாயம் பூசியதற்காக அபராதமும் விதித்திருக்கிறார்கள். இப்போது வீட்டின் மீது லீன் (பாக்கிக்கு ஈடாக வீட்டின் மீது கோரும் பற்றுரிமை) பதிவு செய்யப்போவதாக முதல் கடிதம் வந்திருக்கிறது. கடனில்லாத வீட்டைச் சங்கம் ஏலம் விட முடியுமா?
— ஒரு வாசகி

பதில்: சந்தா பாக்கிக்காக முடியும். டெக்சாஸ் அரசியலமைப்பு, குடியிருக்கும் வீட்டைப் கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோரிடமிருந்து காப்பது உண்மைதான். ஆனால் வீடு உங்கள் கைக்கு வருமுன்பே கவுன்ட்டி அலுவலகத்தில் பதிவான, குடியிருப்பின் விதிகளைச் சொல்லும் நிபந்தனைப் பத்திரம், சந்தாவுக்கான பற்றுரிமையை மனையோடு பிணைத்திருந்தால், அந்த உரிமையே முந்தியது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்தது. பத்திரத்தை நீங்கள் படித்தீர்களா என்பது கணக்கில் வராது. வீட்டை வாங்கியதே அதற்குச் சம்மதம்.

குளத்தைப் பூட்டிவைத்தது சங்கத்தின் தவறாகவே இருக்கலாம். அதைக் கேட்க வேண்டிய இடம் உறுப்பினர் கூட்டம், நிர்வாகக் குழுத் தேர்தல், தேவைப்பட்டால் நீதிமன்றம். சந்தாவை நிறுத்துவது பொதுவாக எதிர்வாதமாக ஏற்கப்படுவதில்லை. உங்கள் நியாயத்தை நீங்களே பலவீனப்படுத்திக்கொள்கிறீர்கள் என்பதே என் கருத்து.

இருப்பினும் சங்கம் நினைத்த மாத்திரத்தில் ஏலம் விட முடியாது. எண்ணூற்றுச் சொச்சம் டாலர் பாக்கிக்காக ஹூஸ்டனில் ஒரு மூதாட்டியின் வீடு ஏலம் போன விவகாரம் மாநிலத்தையே உலுக்கிய பிறகு, 2001-இல் வீட்டு உரிமையாளர்களைக் காக்கத் தனிச்சட்டம் வந்தது. பின்னர் வந்த திருத்தங்களின்படி, சங்கம் இரண்டு அறிவிப்புகளை அனுப்ப வேண்டும். இரண்டாவது, முதலாவதற்குக் குறைந்தது 30 நாள் கழித்துச் சான்றிட்ட அஞ்சலில் வர வேண்டும். அது அனுப்பப்பட்டு 90 நாள் கடந்த பின்னரே லீனைப் பதிவு செய்யலாம். ஏலத்துக்குப் பொதுவாக நீதிமன்ற உத்தரவும் தேவை. ஆகவே உங்களுக்குக் கால அவகாசம் இருக்கிறது. அதை வாதாடுவதில் கழிக்காமல், தவணைத் திட்டம் கேட்டு இன்றே எழுதுங்கள். 14 மனைகளுக்கு மேல் உள்ள சங்கங்கள் குறைந்தது 3 மாதத் தவணையாவது தந்தாக வேண்டும். ஒப்புக்கொண்ட தவணையைத் தவறவிடாதீர்கள்; தவறினால், கட்டும் தொகை முதலில் சந்தாவுக்கே வரவாக வேண்டும் என்ற வரிசைப் பாதுகாப்பை இழப்பீர்கள்; அப்போதும் அபராதத்தை மற்ற பாக்கிகளுக்கு முன் வைக்க முடியாது.

அந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், அபராதத்துக்காக மட்டும் வீட்டை ஏலம் விடச் சட்டம் இடம் தரவில்லை. சந்தாவைத் தீர்த்துவிட்டால் வேலிச் சண்டை வெறும் பணச் சண்டையாகிவிடும். அபராதத்துக்கு முன் எழுத்துமூல அறிவிப்பும், தவற்றைச் சரிசெய்ய நியாயமான அவகாசமும் தந்தார்களா என்று பாருங்கள். அந்த அறிவிப்பு அஞ்சலிடப்பட்ட 30 நாளுக்குள் நிர்வாகக் குழுவிடம் நேர்விசாரணை கோரலாம்.

ஒருவேளை ஏலமே நடந்துவிட்டாலும், அதைத் தெரிவிக்கும் அறிவிப்பை அஞ்சலிட்ட நாளிலிருந்து 180 நாளுக்குள் உரிய தொகையும் செலவும் கட்டி வீட்டை மீட்கலாம். ஆனால் அந்தச் செலவு பழைய பாக்கியைவிடப் பலமடங்கு ஆகிவிடக்கூடும்.

கேள்வி: அதே மாநிலத்தில் இருக்கிறோம். நிலைவாசலில் உள்ள பிள்ளையார் படத்தையும் முன்முற்றத்துச் சிறு விக்கிரகத்தையும் எடுக்கச் சொல்கிறது சங்கம். எடுக்க வேண்டுமா?
— ஒரு வாசகர்

பதில்: வேண்டியதில்லை. முன்பு டெக்சாஸ் சட்டத்தில், சமயச் சின்னங்களைக் கதவிலும் நிலையிலும் 25 சதுர அங்குலத்துக்குள் வைப்பதற்கு மட்டுமே பாதுகாப்பு இருந்தது. 2021 திருத்தம் அதை உங்கள் மனை முழுவதற்கும் விரித்தது. விக்கிரகம் சங்கத்தின் பொது இடத்திலோ, கட்டடம் கட்டாமல் விட வேண்டிய எல்லைப் பகுதியிலோ இல்லை என்பதை அளந்து பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.